இரவல் ஒளி

‘நகல்’ என்னும் சொல்லுக்கு நம்மிடையே நல்ல பெயர் இல்லை. தேர்வுக்கூடத்தில் அது குற்றம். எழுத்துலகில் அது திருட்டு. கலையுலகில் அது திறனின்மையின் அடையாளம். சொந்தச் சரக்கு இல்லாதவனே பிறரைப் பார்த்து எழுதுவான், பிறரைப் பார்த்து வரைவான் என்பது பொதுவான எண்ணம். முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆசிரியப் பணியாற்றியவன் என்ற முறையில் இந்த எண்ணத்தோடு எனக்கு நெடுநாள் பழக்கம் உண்டு. ஆயினும், பணி ஓய்வுக்குப் பின் எண்ணெய் வண்ண ஓவியம் கற்கத் தொடங்கிய எனக்கு, ஓவிய உலகில் இச்சொல்லுக்கு வேறொரு பொருள் உண்டென்பது மெல்ல மெல்லப் புலனாயிற்று. அங்கே நகல் எடுத்தல் என்பது ஒரு பெரியவரின் காலடியில் அமர்ந்திருத்தல்.

ஏறத்தாழ 1400ஆம் ஆண்டளவில் ஓவியக் கையேடு ஒன்றை எழுதிய இத்தாலியரான சென்னினோ சென்னினி, கற்க வரும் மாணவன் சிறந்த ஆசான் ஒருவரைத் தேர்ந்துகொண்டு, நாள்தோறும் அவர் வரைந்தவற்றையே பார்த்து வரையவேண்டும் என்று அறிவுறுத்துகிறார். பலரைப் பார்த்து வரைந்தால் எவருடைய நடையும் கைவராது என்பது அவர் கருத்து. மைக்கேல் ஆஞ்சலோவும் இளமையில் ஜொத்தோ, மசாச்சோ போன்ற முன்னோரின் சுவரோவியங்களைப் பார்த்து வரைந்து பழகியவரே. அந்தப் பயிற்சித் தாள்கள் சில இன்றும் அழியாமல் உள்ளன. பெரும்புகழ் பெற்று, ஐம்பது வயதைக் கடந்துவிட்ட நிலையில் ரூபன்ஸ், திசியானோவின் படங்களின்முன் அமர்ந்து மாணவனைப்போல் நகல் எடுத்தார். 1793இல் பாரிசு நகரின் லூவர் அரண்மனை அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டபோது, நகல் எடுக்க வருவோர்க்கும் அதில் இடம் ஒதுக்கப்பட்டது.

எனக்குக் கற்பித்தவர் பள்ளியொன்றில் ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். என்னினும் பத்து வயது மூத்தவர். முதலாண்டு முழுவதும் எலுமிச்சம்பழமும் மண்பானையும் செப்புக்குடமுமே எனக்குப் பாடங்கள். இரண்டாம் ஆண்டின் தொடக்கத்தில், பெரியோர் ஒருவரின் படத்தைத் தேர்ந்து பார்த்து வரையுமாறு பணித்தார். தம்மிடமிருந்த பழைய ஓவிய நூல்களையும் கொடுத்தார். நான் தேர்ந்த பக்கத்தைக் கண்டதும் சற்றுத் தயங்கினார்.

“பகற்காட்சி எடுத்துக்கொள்ளுங்கள் சார். இரவைப் பார்த்து வரைவது பெரிய வேலை” என்றார்.

நான் அந்தப் பக்கத்தை விடவில்லை. அதற்கான காரணத்தைப் பின்னர்ச் சொல்கிறேன்.

வித்தெர்போவின் அன்னை

நான் தேர்ந்தது செபஸ்தியானோ தெல் பியோம்போ வரைந்த ‘பியேத்தா’. உயிர்நீத்த மகனருகே அமர்ந்திருக்கும் அன்னை மரியின் காட்சியை இத்தாலியர் அப்பெயரால் அழைக்கின்றனர். இரக்கம் என்பதும் பக்தி என்பதும் அச்சொல்லில் ஒருங்கே அடங்கும். உரோமைக்கு வடக்கேயுள்ள வித்தெர்போ நகரின் புனித பிரான்சிஸ் ஆலயத்திற்காக, 1512க்கும் 1516க்கும் இடைப்பட்ட காலத்தில் இது வரையப்பட்டது. எட்டடி உயரத்துக்குக் குறையாத மரப்பலகையில் எண்ணெய் வண்ணத்தால் தீட்டப்பட்ட இப்படம், இன்று அந்நகரின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

செபஸ்தியானோ வெனிசு நகரத்தவர். அங்கே ஜொர்ஜோனேயின் பள்ளியில் வண்ணத்தின் நுட்பங்களைக் கற்று, 1511இல் உரோமைக்கு வந்தவர். மைக்கேல் ஆஞ்சலோ சிஸ்டைன் சிற்றாலயத்தின் மேற்கூரை ஓவியங்களை 1512இல் முடித்தார். இருவரும் நண்பராயினர். இந்தப் படத்திற்கான வரைவைச் செய்து கொடுத்தவர் மைக்கேல் ஆஞ்சலோ என்றும், வண்ணம் தீட்டியவர் செபஸ்தியானோ என்றும், அதன் இருண்ட நிலக்காட்சி மிகவும் பாராட்டப் பெற்றது என்றும் வசாரி தம் ஓவியர் வரலாற்றில் எழுதுகிறார். ஆக, நான் நகல் எடுக்க அமர்ந்த மூலமே ஒருவரின் கோட்டின்மேல் இன்னொருவர் தீட்டிய வண்ணம்தான்! அவர்களுடைய நட்பு நிலைக்கவில்லை என்பது வேறு கதை. ‘இறுதித் தீர்ப்பு’ ஓவியத்திற்கான சுவரை எண்ணெய் வண்ணத்துக்கு ஏற்றவாறு செபஸ்தியானோ அமைக்கச் செய்ய, எண்ணெய் வண்ணம் பெண்களுக்கும் சோம்பேறிகளுக்கும் உரியது என்று மைக்கேல் ஆஞ்சலோ சினந்தார் என்பதையும் வசாரியே பதிவு செய்திருக்கிறார். அறுபது வயதுக்கு மேல் அந்தச் சோம்பேறிகளின் வரிசையில் சேர்ந்த நான், இதைப் படித்தபோது புன்னகை செய்துகொண்டேன்.

பியேத்தா என்றவுடன் நம் நினைவுக்கு வருவது, மைக்கேல் ஆஞ்சலோ 1499இல் முடித்த பளிங்குச் சிலை. புனித பேதுரு பேராலயத்தில் உள்ள அச்சிலையில் மகன் தாயின் மடியில் கிடக்கிறார்; தாய் மகனை நோக்கித் தலை தாழ்த்தியிருக்கிறார். இக்காட்சி நற்செய்தி நூல்கள் எதிலும் இல்லை. சிலுவையருகே அன்னை நின்றதை யோவான் சொல்கிறார்; மடியில் ஏந்தியதை எவரும் சொல்லவில்லை. 1300ஆம் ஆண்டளவில் செருமானிய நாடுகளில், மாலைச் செப வேளையின் தியானத்திற்கென மரத்தில் செதுக்கப்பட்ட உருவங்களிலிருந்து பரவிய காட்சி அது.

வித்தெர்போப் படத்தில் மடி வெறுமையாக இருக்கிறது. மகன் தரையில், வெண்துகிலின்மேல் கிடக்கிறார். தாய் அவருக்குப் பின்னால், அவரைத் தொடாமல் அமர்ந்திருக்கிறார். மகனை அவர் பார்க்கவும் இல்லை. கைகளை இறுகக் கோத்து, முகத்தை உயர்த்தி, வானை நோக்கியிருக்கிறார். அழுது தளர்ந்த மேனி அன்று அது. உழைத்து உரமேறிய பெண்ணின் மேனி. சுற்றிலும் வேறொருவர் இல்லை. சீடர் இல்லை, மகதலா மரியா இல்லை, வானதூதர் இல்லை. பின்னால் இருண்ட நிலம். மேலே மேகங்களுக்கிடையே முழுநிலவு.

பாஸ்காவின் நிலவு

அந்த நிலவு அழகுக்காக வைத்த அலங்காரம் அன்று. யூதரின் பாஸ்கா விழா நீசான் திங்களின் முழுநிலவை ஒட்டி வருவது. ஆண்டவர் பாடுபட்டது அவ்விழாக் காலத்தில். ஆகவே, முதற் பெரிய வெள்ளியின் இரவில் எருசலேமின்மீது பெருநிலவு எழுந்திருக்கவேண்டும். நண்பகலில் நாடெங்கும் இருள் சூழ்ந்ததென நற்செய்தியாளர் சொல்வதைச் சூரிய கிரகணம் என்று கொள்ள இயலாது என முன்னாளைய விரிவுரையாளர்கள் எடுத்துக்காட்டியதும் இதனாலேயே. சூரிய கிரகணம் அமாவாசையில் அன்றி நிகழாது. திருச்சபை உயிர்ப்புப் பெருவிழாவை இன்றும் நிலவைக் கொண்டே கணிக்கிறது: இளவேனிற்காலச் சம இரவு நாளையொட்டி வரும் முழுநிலவுக்கு அடுத்த ஞாயிறு. பெரிய வெள்ளி வழிபாடு முடிந்து, மணியோசையற்ற ஆலயத்திலிருந்து நாம் வீடு திரும்பும்போது நமக்கு வழிகாட்டுவதும் அந்த நிலவுதான். எத்தனை ஆண்டுகள் அதன் கீழே நடந்திருக்கிறோம்!

இருளைப் பூசுதல்

மூன்றடி உயரமுள்ள கான்வாசில் கட்டங்கள் இட்டேன். நூலின் படத்தின்மேல் கண்ணாடித்தாள் விரித்து அதிலும் அதே எண்ணிக்கையில் கட்டங்கள் இட்டேன். ஒரு கட்டத்திலுள்ளதை மறு கட்டத்தில் ஏற்றுவது பழைய முறை. அம்முறையில் முகம் முகமாகத் தெரியாது. ஒரு கட்டத்தில் வளைவொன்று, அடுத்ததில் நிழலொன்று. முகம் என்று எண்ணி வரைபவன் தன் மனத்திலுள்ள முகத்தையே வரைந்துவிடுவான். கட்டத்தை வரைபவன் கண்ணெதிரே உள்ளதை வரைவான்.

பின்னர் மண்ணிறத்தில் ஓர் அடிப்பூச்சு. அதன்மேல் அம்பர் என்னும் பழுப்பு மண்வண்ணத்தை டர்பன்டைனில் இளக்கி, நிழல்களை மட்டும் இட்டேன். அம்பர் மண்ணில் மாங்கனீசு கலந்திருப்பதால் அது விரைவில் உலரும். எனவே அது கீழ்ப்பூச்சுக்கு உகந்தது. மேலே செல்லச் செல்ல ஆளிவிதை எண்ணெயின் அளவு கூடவேண்டும். ‘மெலிந்ததன் மேல் கொழுத்தது’ என்பது எண்ணெய் வண்ணத்தின் முதற்சட்டம். மாற்றிச் செய்தால் மேற்பூச்சு முன்னே உலர்ந்து, கீழ்ப்பூச்சு பின்னே உலரும்போது வெடிப்பு விடும்.

எண்ணெய் வண்ணம் உலரும் விதம் எனக்கு வியப்பளித்தது. துணியில் நீர் வற்றுவதுபோல் அது உலர்வதில்லை. ஆளிவிதை எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிசனை உள்வாங்கி இறுகுகிறது. இறுகும்போது அதன் எடை சற்றுக் கூடவும் செய்கிறது. இழந்து உலர்வது அன்று, பெற்று உலர்வது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஒரு பூச்சுக்குப் பத்து நாட்களுக்கு மேல் காத்திருந்தேன். ஒரு தவக்காலத்தில் தொடங்கிய படம் அடுத்த தவக்காலத்தில்தான் முடிந்தது.

இருளுக்குக் கறுப்பு வண்ணம் வேண்டாம் என்றார் ஆசிரியர். வெறுங்கறுப்பு, படத்தில் துளை விழுந்ததுபோல் உயிரற்றுத் தெரியும். அல்ட்ராமரின் நீலத்தையும் சுட்ட அம்பரையும் குழைத்தால் கறுப்பினும் ஆழமான இருள் பிறக்கும். நீலம் மிகுந்தால் வானத்தின் இருள், பழுப்பு மிகுந்தால் மண்ணின் இருள். அந்நாளில் அந்நீலம் ஆப்கானிஸ்தானத்து மலைகளில் வெட்டியெடுத்த லாபிஸ் லாசுலி என்னும் கல்லை அரைத்துப் பெறப்பட்டது. கடல் கடந்து வந்ததால்தான் அப்பெயர். 19ஆம் நூற்றாண்டில் அதைச் செயற்கையாகச் செய்யும் வழி கண்டறியப்பட்டது. என்னைப் போன்ற ஓய்வூதியக்காரன் அன்னையின் ஆடைக்கு நீலம் தீட்ட முடிவது அதனாலேயே.

“வெள்ளையைத் தொடாதீர்கள் சார். இருட்டை ஒழுங்காகப் போட்டுவிட்டால் நிலவு தானே வந்து உட்காரும்” என்பார் ஆசிரியர். அவர் சொன்னபடியே நிலவின் இடத்தை வெறும் மண்ணிறமாக விட்டுவிட்டு, சுற்றியுள்ள மேகங்களை மாதக்கணக்கில் தீட்டினேன். வெள்ளையே படாத அந்த மண்ணிற வட்டம், மேகங்கள் இருளத் தொடங்கியதும் ஒளிரத் தொடங்கியது.

கோத்த கைகள்

இனி, அந்தப் படத்தைத் தேர்ந்த காரணத்தைச் சொல்லவேண்டும்.

என் தம்பி 1981இல், பத்தொன்பதாம் வயதில், மூளைக்காய்ச்சலால் இறந்தான். மூன்றே நாள் நோய். மருத்துவமனையிலிருந்து அவனை வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தபோது இரவு பத்து மணிக்கு மேலாகிவிட்டது. கூடத்தில் பெட்ரோமாக்ஸ் விளக்கு இரைந்துகொண்டிருந்தது. ஊர்ப் பெண்கள் ஒப்பாரி வைத்தார்கள். என் தாய் மட்டும் சுவரோரம் தனியே அமர்ந்திருந்தார். தம்பிக்கும் அவருக்கும் இடையே நாலடி இடைவெளி. கைகளைக் கோத்தபடி ஓட்டுக்கூரையையே பார்த்திருந்தார். “மேல விழுந்து அழுதுடு, இல்லாட்டி நெஞ்சு வெடிச்சிடும்” என்று பெண்கள் அவரை இழுத்தார்கள். அவர் அசையவில்லை. அடக்கம் முடியும்வரை அவர் அழுததை எவரும் காணவில்லை.

கல்நெஞ்சக்காரி என்று உறவில் ஒரு சொல் பிறந்தது. முதலில் முணுமுணுப்பாக, பின்னர் சொத்துத் தகராறுகளிலும் திருமண வீட்டுச் சச்சரவுகளிலும் வெளிப்படையாக. நாற்பது ஆண்டுகள் அச்சொல் எங்கள் குடும்பத்தில் வாழ்ந்தது. அம்மா அதற்கு மறுமொழி சொன்னதே இல்லை.

ஆசிரியரின் நூலைப் புரட்டியபோது, அந்தப் பக்கத்தில் நான் கண்டது எனக்கு முன்பே தெரிந்த ஓர் இருப்பு. ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன், இரு பெரும் ஓவியர்கள் விண்ணரசியை அவ்வாறுதான் அமர்த்தியிருந்தார்கள்.

மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு அந்த அன்னை அமைதியாக இருப்பதாகவே தோன்றும். எனக்கும் தொடக்கத்தில் அப்படித்தான் தோன்றியது. கைகளை வரையும் கட்டங்களுக்கு வந்தபோது அந்தத் தோற்றம் கலைந்தது. விரல்களின் பிடி எனக்குப் பிடிபடவில்லை. ஆகவே கண்ணாடியின்முன் நின்று என் கைகளை அதேபோல் ஒருபுறமாகத் திருப்பிக் கோத்துப் பார்த்தேன். அந்த நிலையில் இரண்டு நிமிடத்துக்குமேல் நிற்க முடியவில்லை. முன்னங்கை நரம்புகள் இழுத்தன, தோள் நொந்தது. அது செபத்தில் குவிந்த கை அன்று. எதையோ பற்றித் தூக்கத் துடித்து, அதைச் செய்யாமல் தன்னைத்தானே பற்றிக்கொண்ட கை. முகத்தில் இல்லாத ஓலம் அனைத்தும் முழங்கைக்குக் கீழே இருந்தது. பார்த்து வரைந்திராவிட்டால் அது எனக்குத் தெரிந்திராது.

தாய்க்கும் மகனுக்கும் இடையிலுள்ள இடைவெளியையும் நான் தீட்டியாகவேண்டியிருந்தது. காண்பவர் கண் அதைத் தாண்டிச் சென்றுவிடும். தூரிகைக்கு அந்தச் சலுகை இல்லை. அந்தச் சிறிய இருளுக்கு ஆறு பூச்சுகள் தேவைப்பட்டன.

ஒளி வந்த பக்கம்

படம் முடியும் தறுவாயில் ஒன்றைக் கவனித்தேன். நிலவு அன்னைக்குப் பின்னால் இருக்கிறது. பின்னாலிருந்து வரும் ஒளியில் முன்னே இருப்பவை நிழலுருவங்களாகத்தானே தெரியவேண்டும்? ஆனால் மகனின் மார்பிலும் தாயின் முகத்திலும் ஒளி தெளிவாக விழுகிறது. அது நிலவின் ஒளி அன்று. முன்புறத்திலிருந்து, அதாவது பார்ப்பவராகிய நாம் நிற்கும் பக்கத்திலிருந்து வருகிறது. ஆசிரியரிடம் கேட்டேன். ஓவியர்கள் அவ்வாறு செய்வதுண்டு, இல்லையேல் உருவமே தெரியாது என்று தொழில்முறை விளக்கம் தந்தார். அது சரிதான். ஆயினும் என் மனம் அங்கேயே நின்றது. துயருற்றவரைக் காணத் தேவையான ஒளியைக் காண்பவரே கொண்டுவரவேண்டும் என்று அந்தப் படம் எனக்குச் சொல்வதாகத் தோன்றியது. எங்கள் கூடத்தில் அன்று விளக்கு இருந்தது, ஊரும் இருந்தது.

நிலவைப் பற்றியும் எண்ணிப் பார்த்தேன். அதற்குச் சொந்த ஒளி இல்லை என்பதைச் சிறுபிள்ளையும் அறியும். ஆனால் அது எவ்வளவு இருண்டது என்பதைப் பலர் அறியார். தன்மேல் விழும் ஒளியில் ஏறத்தாழ நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கையே அது திருப்பி அனுப்புகிறது. பழைய தார்ச்சாலையின் நிறத்தை ஒத்த கல் அது. முழுநிலவின் ஒளி சூரிய ஒளியில் ஏறக்குறைய நான்கு இலட்சத்தில் ஒரு பங்குதான். நிலவொளி நீலம் என்று நமக்குத் தோன்றுவதும் கண்ணின் இயல்பால் விளைவதே. மங்கிய ஒளியில் நம் கண்ணுக்குச் சிவப்பு மறைந்து நீலம் எடுப்பாகத் தெரிகிறது. இத்தனை இருண்ட ஒரு கல்தான், இருள் சூழ்ந்திருப்பதால், நமக்கு விளக்காகிறது. நான்காம் நூற்றாண்டில் புனித அம்புரோசியார் திருச்சபையை நிலவுக்கு ஒப்பிட்டார்; அதன் ஒளி அதனுடையதன்று, கிறிஸ்துவினுடையது என்பதால். இரவல் என்பதில் இழிவு ஏதுமில்லை. ஜொத்தோவிடம் மைக்கேல் ஆஞ்சலோவும், மைக்கேல் ஆஞ்சலோவிடம் செபஸ்தியானோவும், செபஸ்தியானோவிடம் ஓர் ஓய்வு பெற்ற ஆசிரியனும் பெற்றது இரவல்தான்.

படத்தைச் சட்டமிட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தபோது அம்மாவுக்கு எண்பத்தேழு வயது. கண்புரைச் சிகிச்சைக்குப் பின் ஓரளவு பார்வை இருந்தது. நாற்காலியைப் படத்தருகே இழுத்துப் போடச் சொன்னார். நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். மாதாவைப் பற்றி ஏதேனும் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் மாதாவைப் பார்க்கவில்லை.

“தரையில கிடத்தியிருக்காங்களே. குளிருமே” என்றார்.

துணி விரித்திருக்கிறதே அம்மா என்றேன்.

“துணிக்குக் குளிரு தாங்குமா? அன்னைக்கும் சிமெண்டுத் தரைதான். ஒரு ஜமுக்காளம் விரிங்கன்னு நாலு தடவை சொன்னேன். அந்தக் கூச்சல்ல யாரு காதுலயும் விழல.”

நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கேட்காத குரலை அன்றுதான் கேட்டேன்.

நகல் படத்தின் பின்புறத்தில் மூல ஓவியரின் பெயரைக் குறிப்பது மரபு. கற்றவன் கடனை ஒப்புக்கொள்ளும் முறை அது. “செபஸ்தியானோ தெல் பியோம்போவின் படத்தைப் பார்த்து வரைந்தது” என்று எழுதி, ஆண்டையும் இட்டேன். அதைப் படித்துக் காட்டச் சொன்ன அம்மா, அதன் கீழே தம்பியின் பெயரையும் எழுதச் சொன்னார். எழுதினேன். படம் இப்போது அவர் கட்டிலுக்கு எதிரே, சன்னல் வெளிச்சம் படும் சுவரில் இருக்கிறது.